கேட்காமலே போட்ட கையெழுத்து

எங்கள் குடியிருப்பில் போன வாரம் ஒரு கடிதம் சுற்றுக்கு வந்தது. இரண்டாம் மாடிப் பின்பக்க வீட்டில் வாடகைக்கு இருக்கும் பையன்களைக் காலி செய்யச் சொல்லி, அந்த வீட்டின் சொந்தக்காரருக்குச் சங்கம் எழுதும் கடிதம். காரணம் இரண்டே வரி: "ஓயாத கூச்சல், ராக் மியூசிக், அந்நியர் நடமாட்டம்." கீழே 14 கையெழுத்து. பதினைந்தாவது இடத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் காலியாக விட்டிருந்தார்கள். காலியாகவே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏன் சார் போடவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறார்கள். அங்கே பதில் எழுதினால் மூன்று வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை. நடுவில் ஒருவர் தாமரைப் பூவோடு காலை வணக்கம் அனுப்புவார். அதனால் இங்கே எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டவர்களில் ஆறேழு பேராவது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள். கோபம் வந்தால் வரட்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: அந்தப் பின்பக்க வீட்டில் மூன்று பையன்கள். வெளியிலிருந்து ஒரு பெண் வந்து பாடுகிறாள். நான்கு பேரும் சேர்ந்து ஒரு ராக் குழு. போன மாதம் தங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். எட்டுப் பாட்டு, எல்லாம் தமிழ், எல்லாம் சொந்தமாக எழுதியது, சொந்தமாக மெட்டமைத்தது. அந்தப் படுக்கையறையில் வைத்தே ஒலிப்பதிவும் செய்தது. குழுவின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் நம் ஆட்களில் இரண்டு பேர் அவர்கள் வேலை பார்க்கும் இடத்துக்கே போன் போடுவார்கள். போட்ட வரலாறு உண்டு.

கையெழுத்துப் போட்டவர்களைத் தனித்தனியாக, லிஃப்டிலும் காலை நடையிலும் பிடித்துக் கேட்டேன். "அவங்க ஆல்பத்தைக் கேட்டீங்களா?" ஒருவர்கூட இல்லை. ஒரே ஒருவர்கூட. முதல் மாடி நண்பர் சொன்னார், "தனியா வேற கேக்கணுமா? அதான் மாடிப்படியிலேயே கேக்குதே." மாடிப்படியில் அவர் கேட்டது பயிற்சி. உலை கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டுக் குழம்பில் உப்பில்லை என்று சொல்கிற கதை இது.

நான் 33 வருஷம் வானொலியில் ஒலிப்பதிவுப் பக்கம் வேலை பார்த்தவன். பாடகன் இல்லை, வித்வான் இல்லை. மைக் வைப்பவன், முள் ஆடுகிறதா என்று பார்ப்பவன், டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டுபவன். வானொலியில் குரல் தேர்வு என்று ஒன்று உண்டு. தேர்வுக்கு வந்திருப்பவர் யார், யாருடைய பிள்ளை, என்ன உடை போட்டிருக்கிறார் என்பதெல்லாம் தேர்வுக் குழுவுக்குத் தெரியக் கூடாது. சத்தத்தை மட்டும் கேட்டு பி, பி ஹை, ஏ என்று தரம் போட வேண்டும். அந்த ஏற்பாட்டில் என்னென்ன குறை இருந்தாலும், கேட்காமல் யாரையும் தள்ளியதில்லை. எங்கள் சங்கம் அந்த ஒரு வேலையை மட்டும் மிச்சம் பிடித்துவிட்டது.

நான் கேட்டேன். நான்கு தடவை. இரண்டு தடவை ஹெட்போனில், ஒரு தடவை கார் ஸ்டீரியோவில், ஒரு தடவை என் பழைய ஸ்பீக்கர் ஜோடியில். நல்ல வேலை. முதலில் அது எப்படிச் செய்யப்பட்டது என்று சொல்கிறேன். "வீட்டிலேயே ரெக்கார்ட் பண்ணதுதானே" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஒரு லேப்டாப். இரண்டு மைக் சொருகுகிற மாதிரி புத்தகம் அளவில் ஒரு பெட்டி; மைக்கில் வருகிற மின்னலையை எண்ணாக மாற்றி லேப்டாப்புக்குக் கொடுப்பது அதன் வேலை. மேடையில் எல்லோரும் வைத்திருக்கும் சாதாரண மைக் ஒன்று, கொஞ்சம் விலை கூடிய மைக் ஒன்று. அவ்வளவுதான் சாமான். சென்னையில் ஒரு நாள் ஸ்டூடியோ வாடகைக்கு, மொபைல் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் அந்த கிட்டார் பையன் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். எட்டுப் பாட்டுக்கு எத்தனை நாள் ஆகும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் சுவருள்ள அறையில் பதிவு செய்தால் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து, பாடுவது குளியலறைப் பாட்டு மாதிரி ஆகிவிடும். முதலில் பழைய புடவைகளைத் திரைச்சீலை மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். புடவை கீச்சுச் சத்தத்தை மட்டும்தான் குடிக்கும். அடித் தொண்டைச் சத்தமும் பேஸ் கிட்டாரும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அதற்குக் கனம் வேண்டும், பருமன் வேண்டும். ஒரு நாள் மாடிப்படியில் பார்த்து என்னிடம் கேட்டார்கள். "சார், நீங்க ரேடியோல இருந்தீங்களாமே?" நான் சொன்னது ஒன்றுதான்: மூலையில் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி வையுங்கள், சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு. ஊரிலிருந்து நான்கு மெத்தை வந்து இறங்கியது. கடிதத்தில் அதுவும் ஒரு புள்ளியாம், "சந்தேகத்துக்கிடமாக இரவில் மெத்தைகள் கொண்டுவரப்பட்டன". நல்ல வேளை, கடைசிப் பிரதியில் யாரோ அடித்துவிட்டார்கள்.

பதிவு செய்தது சித்திரை, வைகாசியில். திருச்சி வைகாசியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் ஓடினால் அதன் சத்தம் மைக்கில் ஏறும். அதனால் ஃபேன் கிடையாது. ஜன்னல் சாத்தி, அதன் மேல் மெத்தை. நான்கு நிமிடப் பாட்டை ஒரு தடவை பாடி முடித்ததும் கதவைத் திறந்துகொண்டு நால்வரும் வராந்தாவுக்கு ஓடி வருவார்கள், சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். நம் ஆட்கள் பார்த்த "வராந்தாவில் கும்பலாக நிற்பது" இதுதான்.

டிரம்ஸை மட்டும் வீட்டில் பதிவு செய்யவில்லை. செய்திருந்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். டிரம்ஸ் அடிக்கிற பையனின் மாமாவுக்கு மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை. ஆலை ஓடாத இரண்டு ஞாயிற்றுக்கிழமை, குடோனில், சுற்றிலும் தவிட்டு மூட்டையை ஆள் உயரத்துக்கு அடுக்கி நடுவில் டிரம்ஸை வைத்து அடித்திருக்கிறார்கள். தவிட்டு மூட்டை மாதிரி சத்தத்தை விழுங்குகிற சாமான் வேறு இல்லை. நாங்கள் ஸ்டூடியோச் சுவரில் ஓட்டை போட்ட பலகையும் கண்ணாடிப் பஞ்சும் வைத்துச் செய்ததை இந்தப் பிள்ளைகள் மண்ணச்சநல்லூர்த் தவிட்டை வைத்துச் செய்துவிட்டார்கள். வீட்டில் பயிற்சிக்கு அவன் அடிப்பது ரப்பர் தட்டு. வெளியே கேட்பது கிட்டாரும் குரலும்தான்.

சரி, பாட்டு எப்படி?

எல்லாவற்றையும் புகழப் போவதில்லை. மூன்றாவது பாட்டு ஏழு நிமிடம். நான்கில் முடிந்திருக்க வேண்டியது. கடைசி மூன்று நிமிடம் கிட்டார் தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவதில் குரலைக் கிட்டாருக்குக் கீழே புதைத்துவிட்டார்கள். சொல் புரியவில்லை என்றால் எதற்குத் தமிழில் எழுதுவது? அதை நேரிலேயே சொன்னேன். மொத்தப் பதிவையும் கடைசியில் உச்சச் சத்தத்துக்கு இழுத்திருக்கிறார்கள். இந்தக் காலத்தில் எல்லோரும் செய்வது. மெல்லிய இடமும் பலத்த இடமும் ஒரே உயரத்தில் நிற்கும்போது காது சீக்கிரம் களைத்துப் போகும்.

இரண்டாவது பாட்டு, 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க மூடினார்களே, அந்த மாதங்களைப் பற்றியது. ஸ்ரீரங்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஒருத்தி, ஆற்றுக்கு அக்கரையில் தெரியும் மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே சுற்றுவழியில் பஸ்ஸில் போகிறாள். நாம் எல்லோரும் அந்த மாதங்களில் புலம்பினோம். யாராவது பாட்டாக எழுதினோமா? சினிமாவில் எவராவது எழுதினாரா?

ஏழாவது பாட்டுதான் இந்தத் தொகுப்பின் உயிர். பாடுகிற பெண் உறையூர்க்காரி, நெசவுக் குடும்பம். தாத்தா குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர். இப்போது வீட்டில் தறி இருக்கிறது, ஓடுவது எப்போதாவது. அந்தத் தாத்தாவை உட்காரவைத்து, தறி ஓடும் சத்தத்தைப் போனிலேயே பதிவு செய்து எடுத்துவந்திருக்கிறாள். மிதி ஒரு சத்தம், நாடா ஓடுவது ஒரு சத்தம், பலகை வந்து இடிப்பது ஒரு சத்தம். மூன்றும் சேர்ந்து ஒரு நடை. டிரம்ஸ் பையன் அந்த நடையைத்தான் வாசிக்கிறான். பாட்டு முக்கால்வாசி போன பிறகு டிரம்ஸ் நின்று தறிச் சத்தம் மட்டும் தனியாக வருகிறது. அதில் ஒரு இடத்தில் இழை அறுந்து தாத்தா தறியை நிறுத்துகிறார். நாலைந்து விநாடி ஒன்றுமே இல்லை. பிறகு மறுபடி தறி. அந்த நிறுத்தத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். உறையூர்த் துணியைப் பற்றிக் கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளூஸில் குறிப்பு இருக்கிறது என்று ஊர்ப் பெருமை பேசும்போது மட்டும் நாம் எல்லோரும் முன்வரிசையில் நிற்போம். அந்தத் தறியின் சத்தத்தைக் கேட்கும் தரத்தில் பதிவு செய்து ஒரு பாட்டுக்குள் வைத்தவர்களை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறோம்.

அதே பாட்டின் கடைசியில் எங்கிருந்தோ குக்கர் விசில் ஒன்று லேசாக விழுந்திருக்கிறது. வானொலியாக இருந்தால் அந்தப் பதிவை அப்படியே ஒதுக்கியிருப்பேன். அங்கே விதி அது. "எடுத்துடவா சார்?" என்று கேட்டான் கிட்டார் பையன். இருக்கட்டும் என்றேன். அது எங்கள் எதிர்வீட்டு விசில். கையெழுத்துப் போட்டவர் வீடுதான். அவருக்கே தெரியாமல் ஆல்பத்தில் இருக்கிறார்.

இனி எதிர்ப்பேச்சுக்கு வருகிறேன்.

"வீட்டில் பண்ணினதெல்லாம் ஒரு ரெக்கார்டா?" என்பது முதல் கேள்வி. ஏ.ஆர். ரகுமான் தன் வீட்டுக் கொல்லையில் கட்டிய ஸ்டூடியோவில் உட்கார்ந்துதான் விளம்பரப் பாட்டுகள் செய்துகொண்டிருந்தார். 1992ல் ரோஜாவுக்கு இசை செய்ததும் அந்த இடத்தில்தான். பெரிய ஸ்டூடியோவில் ஐம்பது வாத்தியக்காரர்களை உட்காரவைத்துச் செய்யாத அந்த முதல் படத்துக்கே தேசிய விருது கொடுத்தார்கள். அதற்கு முன் அவரும் சென்னையில் ராக் குழுக்களில் கீபோர்டு வாசித்த பையன்தான். அமெரிக்காவில் போலராய்டு கம்பெனியில் இன்ஜினியராக இருந்த டாம் ஷோல்ஸ் என்பவர், வேலை முடிந்து வந்து தன் வீட்டு நிலவறையில் பதிவு செய்த பாட்டுகள்தான் 1976ல் வந்த பாஸ்டன் குழுவின் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி. கோடிக்கு மேல் விற்றது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் படுக்கையறையில் சாதாரண கேசட்டில் நான்கு தடத்தில் மாதிரிக்குப் பாடிவைத்ததை, பிறகு குழுவோடு ஸ்டூடியோவில் முயன்று பார்த்தும் சரிவராமல், அந்த கேசட்டையே 1982ல் ஆல்பமாக வெளியிட்டார்கள். வீடு என்பது சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை. மைக் எங்கே வைக்கிறாய், எதைப் பாடுகிறாய் என்பதுதான்.

இரண்டாவது, "ராக் எல்லாம் நம்ம ஊருக்கு ஒட்டாதது." நம் ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் ரயிலை ராக்ஃபோர்ட் என்று கூப்பிட யாருக்கும் வாய் கூசவில்லை! விளையாட்டை விடுங்கள். வயலின் எந்த ஊர்ச் சாமான்? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்டு வந்து நம் சங்கீதத்தில் சேர்த்தது. கிளாரினெட் எந்த ஊர்ச் சாமான்? நம் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதில் கர்நாடக சங்கீதம் வாசித்து 2022ல் பத்மஸ்ரீ வாங்கவில்லையா? ஆர்மோனியம் நம் சங்கீதத்துக்கு ஒட்டாது என்று சொல்லி 1940ல் வானொலியில் தடை போட்டார்கள். தடை தளர எழுபதுகள் வர வேண்டியிருந்தது. அந்த முப்பது வருஷமும் நம் ஊர்க் கோயில் பஜனையிலும் நாடக மேடையிலும் ஆர்மோனியம் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டேதான் இருந்தது.

கிட்டாரும் நேற்று ஆன்லைனில் வந்து இறங்கியதில்லை. 1928 வாக்கில் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தது. கூடவே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வந்தன. நான் சின்னப் பையனாக இருந்தபோது டிசம்பர் மாதம் பொன்மலைக் காலனிப் பக்கம் போனால், நடனத்துக்கு வாசிக்கிற கிட்டாரும் டிரம்ஸும் ரோட்டுக்குக் கேட்கும். மதில் ஓரம் நின்று கேட்டிருக்கிறோம். இந்தக் கடிதத்தின் ஒன்பதாவது கையெழுத்துக்காரர் என்னோடு மதில் ஏறியவர். அவருக்கு மட்டும் இதைத் தனியாக ஞாபகப்படுத்துகிறேன். பிற்பாடு அந்தக் குடும்பங்களில் பல ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று போய்விட்டன. அந்த வாசிப்பில் எதையாவது யாராவது பதிவு செய்து வைத்திருந்தால் இன்றைக்கு என்ன விலை கொடுத்தும் வாங்கிக் கேட்பேன்.

மூன்றாவது கேள்விதான் என்னை உண்மையிலேயே எரிச்சல் படுத்துவது. "சினிமாவுல சான்ஸ் கெடைச்சுதா?"

பாட்டு எழுதுகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் நம் ஊரில் கேட்கப்படும் ஒரே கேள்வி இது. கல்யாண வீட்டில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், பெற்ற தாயே கேட்பாள். கிடைத்தது என்றால் மேதை, கிடைக்கவில்லை என்றால் வெட்டி. நடுவில் எதுவும் கிடையாது. ஒரு ஊருக்கென்று சில பாட்டுக்காரர்கள் இருக்கலாம், அவர்கள் அந்த ஊர்க்காரர்களுக்காக, அந்த ஊர் விஷயத்தைப் பாடலாம் என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால் நம் அப்பாக்கள் காலத்தில் கேள்வி தலைகீழாக இருந்தது. 1952ல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியானதும் வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்றே போனது. சினிமாப் பாட்டு கேட்டால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்றார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957ல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டி வந்தது. எங்கள் வீட்டில் அப்பா தூங்கியதும் அண்ணன் சத்தத்தைக் குறைத்து இலங்கை கேட்பான். ஆக, நாம் கேட்டு வளர்ந்த பாட்டும் ஒரு காலத்தில் பெரியவர்களுக்குக் கூச்சல்தான். இப்போது நாம் பெரியவர்களாகிவிட்டோம், சினிமாவே தராசாகிவிட்டது.

சினிமாவை நான் குறை சொல்லவில்லை. விஸ்வநாதனையும் இளையராஜாவையும் என் வீட்டில் ஒரு நாள் தவறாமல் கேட்கிறோம். சந்தோஷ் நாராயணன் நம் திருச்சிக்காரர், 2012ல் அட்டகத்தி வந்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சினிமாப் பாட்டுக்கு ஒரு கதாநாயகன் வேண்டும், ஒரு காட்சி வேண்டும், ஒரு தயாரிப்பாளர் சம்மதிக்க வேண்டும். உறையூர்த் தறியில் இழை அறுந்து நான்கு விநாடி சும்மா இருப்பதற்கு எந்தத் தயாரிப்பாளர் சம்மதிப்பார்? 2018ல் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு மேடையேறியபோது கானாவையும் ராக்கையும் கலந்து சாதியைப் பற்றிப் பாடினார்கள். உங்களுக்கு அந்தக் கருத்தில் உடன்பாடு இருக்கிறதா இல்லையா என்பது வேறு. ஆனால் அந்தப் பேச்சை சினிமாவுக்குக் காத்திராமல் பாட்டாகவே நேரே வந்து சொன்னார்கள். அப்படி ஒரு வழி வேண்டும். அந்த வழிக்கு நம் ஊரில் ஒரு படுக்கையறைதான் கிடைத்தது. அதையும் பூட்டச் சொல்கிறோம்.

போன மார்கழியில் நம் ஊரில் ஒரு சபாவின் சின்ன ஹாலை ஒரு சாயங்காலத்துக்கு வாடகைக்குக் கேட்டுப் போனார்கள். நானும் கூடப் போனேன். முழு வாடகை தருகிறோம் என்றோம். "சினிமாப் பாட்டுன்னா பரவால்ல சார், கூட்டம் வரும். சொந்தப் பாட்டுன்னா யோசிக்கணும்" என்று பதில். அதே ஹாலில் அடுத்த வாரம் கரோக்கி நிகழ்ச்சி நடந்தது. பின்னணி இசை பென்டிரைவில் ஓட, நம் வயதுக்காரர்கள் டி.எம்.எஸ். மாதிரி பாடினார்கள். பாடட்டும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது கலை, இது கூச்சல் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

சத்தம் என்று பேச வந்தால் சட்டத்தையே பேசலாம். 2000த்தில் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. இந்தப் பிள்ளைகள் வாசிப்பது சனி, ஞாயிறு சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறரை வரை. மெத்தை வந்த பிறகு என் வீட்டு வாசலில் நின்றால் பேஸ் கிட்டார் மட்டும் லேசாகக் காலில் தெரியும், அவ்வளவுதான். பின்தெருக் கல்யாண மண்டபத்தில் ராத்திரி பதினொன்றரைக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஆடி மாதம் குழாய் ஸ்பீக்கர் விடியற்காலை நாலரைக்கு ஆரம்பிக்கிறது. இந்தப் பதினைந்து வருஷத்தில் அதைப் பற்றி ஒரு கடிதம் சுற்றுக்கு வந்ததுண்டா? மண்டபத்துக்காரருக்கு எழுத மாட்டோம், அவர் பெரிய ஆள். பையன்களுக்கு எழுதுவோம், வாடகைக்கு இருப்பவர்கள்.

அதனால்தான் இது சத்தத்தைப் பற்றிய கடிதம் என்று நான் நம்பவில்லை. மூன்றாவது காரணத்தைப் பாருங்கள், "அந்நியர் நடமாட்டம்". அந்நியர் என்று சொல்லியிருப்பது அந்தப் பெண்ணை. ஸ்கூட்டரில் நாலு மணிக்கு வருகிறாள், ஏழுக்குள் போகிறாள். ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. நம்மில் பாதிப் பேருடைய சர்க்கரைக்கு ரத்தம் எடுத்திருப்பாள். மூன்று பையன்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு பெண் வந்து போகிறாள், அதுதான் உறுத்துகிறது. அதைக் கடிதத்தில் நேரே எழுத வெட்கம், அதனால் அந்நியர் என்று எழுதினார்கள். அவள் குடும்பம் உறையூரில் நாலு தலைமுறை. நான் இந்தக் குடியிருப்புக்கு வந்து பதினைந்து வருஷம். செயலாளர் சார் வந்து ஆறு வருஷம். எங்கள் மூன்று பேரில் அந்நியர் யார் என்று அவரையே கேட்டேன். "நான் அந்த அர்த்தத்துல சொல்லலை சார்" என்றார். எந்த அர்த்தத்தில் என்று இன்னும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் காதுக்கும் கடிதம் போயிருக்கிறது. இரண்டு வாரமாக அவள் வரவில்லை. வீட்டுக்காரர் அடுத்த மாதக் கடைசி வரை டைம் கொடுத்திருக்கிறார். இரண்டாவது தொகுப்புக்கு ஐந்து பாட்டு மெட்டோடு தயாராக இருக்கிறது என்று தெரியும். ஒன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டைப் பற்றி. அதை எங்கே வைத்துப் பதிவு செய்வார்கள் என்று தெரியாது.

ஆல்பம் வேண்டுபவர்களுக்கு: இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம், ஆனால் அதில் அவர்களுக்குக் கிடைப்பது பைசாக் கணக்கு. பென்டிரைவில் போட்டு 250 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள், கார் ஸ்டீரியோவில் சொருகலாம். என் வீட்டில் பத்து வாங்கி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டவர்களும் வாங்கிக்கொள்ளலாம். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், தறிச் சத்தம் வராது. ஏழாவது பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள், பிறகு இரண்டாவது. மூன்றாவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பாலக்கரை, அரியமங்கலம், உறையூர்ப் பக்கம் யாரிடமாவது பூட்டிக் கிடக்கும் குடோனோ மாடி அறையோ இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். மாதம் 3,000 ரூபாய் வரை வாடகை கொடுப்பார்கள், கரண்ட் பில் தனி. மெத்தை அவர்களிடமே இருக்கிறது. அந்தப் பெண் ஸ்கூட்டரில் வந்து போக ரோட்டில் விளக்கு இருக்கிற இடமாக இருந்தால் நல்லது.